கறை படிந்த பல்லும் இன்டர்வியூவும்

தர்மபுரிப் பக்கம் பல் மருத்துவம் பார்க்கும் எங்களுக்கு ஒரு காட்சி பழகிப்போனது. எதிரே உட்கார்ந்து பேசுபவரின் கை, அவரை அறியாமலே வாயை மறைக்கும். படிப்பு முடித்து வேலை தேடும் பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்க்கிறேன்.

போன வருடம் பி.காம். முடித்த ஒரு பெண் அம்மாவோடு வந்தார். "மூணு இன்டர்வியூ போய்ட்டேன் டாக்டர். தெரிஞ்ச கேள்விக்குக்கூட ஒரு வரிதான் சொல்றேன். வாயத் திறந்தா பல்லத்தான் பாப்பாங்கன்னு தோணுது" என்றார். சோதித்துப் பார்த்தேன். முன்பற்களில் பழுப்புக் கோடுகள். சொத்தை ஒன்றுகூட இல்லை, ஈறும் நன்றாக இருந்தது. "உன் பல்லு ஆரோக்கியமாத்தாம்மா இருக்கு" என்றேன். இருவருமே நம்பவில்லை.

இதற்குப் பெயர் ஃபுளோரோசிஸ். இந்தப் பகுதியின் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு என்ற தாது உப்பு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருந்தால் பரவாயில்லை. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1.5 வரை. அதற்கு மேல் உள்ள போர் தண்ணீரைச் சின்ன வயதில் தொடர்ந்து குடித்தால், தாடைக்குள் வளர்ந்துகொண்டிருக்கும் பல்லின் வெளி உறையான எனாமல் சரியாக அமையாது. நிரந்தரப் பல் முளைக்கும்போதே குறையோடு வருகிறது. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு முன் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று வேலை கேட்டுப் போய் நிற்கிறார்கள்.

பார்ப்பவர்கள் 'ஒழுங்காகப் பல் தேய்க்காதவர்' என்று நினைக்கிறார்கள். பிள்ளைகளே தங்களைப் பற்றி அப்படி நினைப்பதுதான் எனக்கு அதிக வருத்தம். சாம்பல், செங்கல் பொடி, உப்பு என்று போட்டுத் தேய்க்கிறார்கள். கறை எனாமலுக்குள் இருக்கிறது. இப்படித் தேய்த்தால் எனாமல்தான் தேயும், பல் கூச ஆரம்பிக்கும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015-இல் நடத்திய கருத்துக்கணிப்பில், 18 முதல் 34 வயது வரை உள்ளவர்களில் 28 சதவீதம் பேர், தங்கள் வாய், பல்லின் தோற்றம் இன்டர்வியூவைப் பாதிக்கிறது என்றார்கள். யாரும் அவர்கள் வாயைச் சோதித்து எடுத்த கணக்கு இல்லை அது. தங்கள் பல்லைப் பற்றி அவர்களே நினைப்பது. நேர்மாறாக, பல் வெள்ளையாக இருப்பதாலேயே டாக்டர் பக்கம் போகாமல், ஈறு நோய் முற்றி வருபவர்களும் உண்டு.

சரி, என்ன செய்யலாம்? மேலோட்டமான கறை என்றால் எனாமலின் மேற்பரப்பை மிக மெலிதாக மட்டும் நீக்கும் மைக்ரோஅப்ரேஷன் போதும். சிலருக்கு அதோடு பல்லை வெளுக்க வைக்கும் ப்ளீச்சிங்கும் செய்ய வேண்டியிருக்கும். ஆழமான கறைக்குப் பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட் என்ற பூச்சை வைக்கலாம். குழி விழுந்த பல்லுக்குத்தான் வெனீரோ (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய தகடு) கேப்போ (பல்லை முழுதும் மூடும் உறை) தேவைப்படும். நல்ல பல்லை எடுத்தவுடனே ராவிக் கேப் போடச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் வராதீர்கள், ஒன்றிரண்டு மாதம் முன்பே வாருங்கள்.

அந்தப் பெண்ணுக்கு மைக்ரோஅப்ரேஷன் செய்து, இரண்டு பற்களுக்குக் காம்போசிட் வைத்தோம். கடைசி நாளில் அக்காவின் நான்கு வயது மகனையும் கூட்டி வந்திருந்தார். அவன் என்ன தண்ணீர் குடிக்கிறான் என்று கேட்டேன். "போர் தண்ணிதான், ஆனா நல்லா கொதிக்க வெச்சுத்தான் தர்றோம்" என்றார் அம்மா. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும் என்று சொல்லி, அவனுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையே பிடித்து வைக்கச் சொன்னேன்.