மருந்துச் சீட்டு கேட்டு வரும் பெற்றோருக்கு: குழந்தைகளுடன் கோடைப் பயணம்

கோடை விடுமுறை தொடங்கும் வாரத்தில் என்னைப் பார்க்க வரும் பெற்றோரில் பலர் நோய்க்காக வருவதில்லை. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. மறுவாரம் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புகிறார்கள். காய்ச்சலுக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று, வயிற்றுப்போக்குக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஆன்டிபயாட்டிக் என எழுதித் தரச் சொல்கிறார்கள். அந்தச் சீட்டை எழுத இரண்டு நிமிடம் போதும். ஆனால் விடுமுறை முடிந்த பிறகு என்னிடம் கொண்டுவரப்படும் குழந்தைகளைப் பார்த்தால், கையில் மருந்து இல்லாததால் வந்த சிக்கல் மிகக் குறைவு. கூடவே ஐந்தாறு பெரியவர்கள் இருந்தும் அந்த நேரத்தில் குழந்தையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் என்று ஒருவரும் இல்லாமல் போனதே பெரும்பாலானவற்றுக்குக் காரணமாக இருக்கிறது. வீட்டில் இருவர் பார்த்துக்கொள்ளும் குழந்தை, பயணத்தில் எல்லோருடைய பொறுப்பாகவும் ஆகி, அதனாலேயே யாருடைய பொறுப்பும் இல்லாததாக ஆகிவிடுகிறது. எனவே சீட்டு எழுதுவதற்கு முன் நான் பேச விரும்புவது வேறு சில விஷயங்களைப் பற்றி.

முதலில் வாகனம். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காருவதைப் பாதுகாப்பு என்றே பலரும் நினைக்கிறார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்துவது இருநூறு, முந்நூறு கிலோ எடையைத் தாங்குவதற்கு ஒப்பானது. எந்தத் தாயின் கைக்கும் அது முடியாது. குழந்தையின் இடம் பின் இருக்கை. அதுவும் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற குழந்தை இருக்கையில். பின்னோக்கிப் பொருத்தும் கைக்குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் நிலையில் உள்ள முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக்கூடாது. ஏறத்தாழ 135 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பெரியவர்களுக்கான சீட் பெல்ட் குழந்தையின் தோளிலும் இடுப்பெலும்பிலும் பதியாமல் கழுத்திலும் வயிற்றிலும் பதியும் என்பதால், உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தேவைப்படுகிறது.

நிறுத்திய வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை பின்னால் தூங்குகிறது, எழுப்பினால் அழும், இரண்டே நிமிடத்தில் வந்துவிடலாம் என்று கதவைச் சாத்திவிட்டுப் போகிறோம். வெயிலில் நிற்கும் காரின் உட்புற வெப்பம் பத்து நிமிடத்திலேயே ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிடும்; மொத்த உயர்வில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது; கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் சொல்லும்படியான பயன் எதுவும் இல்லை. பெரியவர்களின் உடலைவிடக் குழந்தையின் உடல் மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். இதில் இன்னொரு வகையும் உண்டு: இரண்டு வண்டிகளில் போகும் குடும்பத்தில், குழந்தை மற்றவரோடு இறங்கிவிட்டது என்று இருவருமே நம்பிவிடுவது. அசட்டையான பெற்றோருக்குத்தான் இது நேரும் என்று எண்ண வேண்டாம். களைப்பும் மாறிப்போன வழக்கமும் சேர்ந்தால் யாருடைய நினைவும் தவறும். கைபேசியையோ கைப்பையையோ பின் இருக்கையில் குழந்தைக்கு அருகே வைத்துவிட்டால், இறங்கும்போது பின்னால் திரும்பிப் பார்க்காமல் போக முடியாது.

பயண வாந்தி பெரும்பாலும் 2 வயதிலிருந்து 12 வயதுவரை உள்ள பிள்ளைகளைப் பிடிப்பது. மலைப்பாதையில் குழந்தை அழக்கூடாது என்று கைபேசியைக் கையில் கொடுப்பார்கள். நாலைந்து வளைவு திரும்புவதற்குள் முகம் வெளுத்து, கொட்டாவி விட்டு, உடல் வியர்த்து, எல்லாம் வெளியே வந்துவிடும். அசையாத திரையைப் பார்க்கும் கண் நாம் நகரவில்லை என்கிறது, உட்காது நகர்கிறோம் என்கிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாக வெளிப்படுகிறது. தொலைவில் உள்ள ஏதாவது ஒன்றைப் பார்க்கச் சொல்வதும், சன்னலைத் திறந்து காற்று வரவிடுவதும், எண்ணெய் அதிகமில்லாத உணவைக் கொஞ்சமாகக் கொடுப்பதும் பெரும்பாலான குழந்தைகளுக்குப் போதும். மருந்து தேவைப்பட்டால் கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பின் கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த மருந்துகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். குறிப்பாக, தூக்கம் வரவைக்கும் ப்ரோமெதசின் அந்த வயதில் மூச்சையே மந்தப்படுத்தி உயிருக்கு ஆபத்தாகக்கூடும். விமானத்தில் நிம்மதியாகத் தூங்குவதற்கு ஒரு சிரப் எழுதித் தாருங்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் இல்லை என்பதுதான். விமானத்தில் குழந்தை அழுவது பெரும்பாலும் இறங்கும் நேரத்தில் காதுக்குள் ஏற்படும் அழுத்தத்தால். அப்போது பால் புகட்டினாலோ, பெரிய பிள்ளைக்கு எதையாவது உறிஞ்சவோ விழுங்கவோ கொடுத்தாலோ வலி தணியும்.

வெயிலில் சுற்றும் நாளில் குழந்தை தாகம் எடுக்கிறது என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். விளையாட்டில் மூழ்கிய பிள்ளை சொல்லாது. கைக்குழந்தையால் சொல்ல முடியாது. 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு எந்த வெயிலிலும் தனியாகத் தண்ணீர் வேண்டியதில்லை; அடிக்கடி பால் கொடுத்தாலே போதும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அல்லது போனது அடர் மஞ்சளாக இருக்கிறது என்றால் நீர் போதவில்லை என்று பொருள். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டு, குழந்தை பேச்சு குழறி, மயங்கி, நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கு. அதற்குப் பாராசிட்டமால் உதவாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடைகளைக் களைந்து, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு எல்லோரும் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துப் போகிறார்கள், கலக்கும் முறையில்தான் பிழை நேர்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பயணத்திலிருந்து நேராக என்னிடம் கொண்டுவரப்பட்ட ஒன்றரை வயதுக் குழந்தை, வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் எரிச்சலோடு கீச்சுக் குரலில் அழுதுகொண்டே இருந்தது. வாய் உலர்ந்து, கொடுத்த நீரைப் பறித்துக் குடித்தது. ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டிய பொட்டலத்தை, இவ்வளவு தண்ணீரை இவன் எங்கே குடிக்கப்போகிறான் என்று ஒரே டம்ளரில் கரைத்து நாள் முழுதும் புகட்டியிருந்தார்கள். இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, மீறி உயர்ந்திருந்தது. அதை மெல்ல மெல்ல இறக்கிக் கொண்டுவர மருத்துவமனையில் மூன்று நாள் ஆயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் மாற்றியமைத்த கலவையில் லிட்டருக்குச் சோடியம் 75 மில்லிமோல், குளுக்கோஸ் 75 மில்லிமோல் என்று அளந்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த விகிதத்தில்தான் குடல் குளுக்கோஸோடு சேர்த்து உப்பையும், உப்போடு சேர்த்து நீரையும் உள்ளே இழுக்கிறது. எனவே பொட்டலத்தில் எத்தனை மில்லிலிட்டர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை மில்லிலிட்டரில் முழுவதையும் கரைத்து, 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டர், கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மீண்டும் தொடங்கலாம். மலத்தில் இரத்தம், குடிக்கவே மறுத்தல், உள்வாங்கிய கண்கள், எழுப்பினாலும் எழாத சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் பயணத் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று கேட்கும் ஆன்டிபயாட்டிக்கை நான் எழுதுவதில்லை. குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவற்றுக்கு அது வேண்டியதில்லை.

காய்ச்சல் மருந்தில் நடக்கும் தவறு வேறு வகை. பாராசிட்டமாலை உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் நான்கு முறைக்கு மிகாமல் கொடுக்கலாம். ஆனால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே பெயரில் இருந்தாலும் செறிவு ஒன்றல்ல. 1 மில்லிலிட்டர் சொட்டு மருந்தில் இருக்கும் அளவுக்கு ஏறக்குறைய 5 மில்லிலிட்டர் சிரப் தேவைப்படலாம். வீட்டில் சிரப் கொடுத்துப் பழகியவர், போன இடத்தில் அவசரமாகச் சொட்டு மருந்து வாங்கி, அதே மூடியில் அதே அளவு ஊற்றினால் குழந்தைக்குப் போவது பல மடங்கு. போதாக்குறைக்கு, அம்மா கொடுத்ததை அறியாமல் பாட்டியும், பாட்டி கொடுத்ததை அறியாமல் சித்தியும் கொடுத்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொருவரும் அன்பினால்தான் கொடுத்தார்கள். குழந்தையின் எடையையும், அதற்கான மில்லிலிட்டரையும் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்; கொடுத்த நேரத்தை அதன் கீழே குறித்துக்கொண்டே வாருங்கள். மருந்து கொடுப்பவர் ஒருவராக மட்டும் இருக்கட்டும்.

பெரியவர்களின் மாத்திரைகளைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. சொந்த வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, பயணத்தில் கட்டிலின் மேல் திறந்து கிடக்கும் கைப்பைக்கு வந்துவிடுகிறது. சல்ஃபோனைல்யூரியா வகையில் ஒரே ஒரு மாத்திரை, தவழும் குழந்தையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அதுவும் உடனே அல்ல, சில மணி நேரம் கழித்து, எல்லோரும் தூங்கும்போது. மாத்திரையை எடுத்ததாகச் சந்தேகம் வந்தாலே, குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தாலும், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நீச்சல் குளம், கடல், அருவி. மூழ்கும் குழந்தை கையை வீசிக் கூச்சலிடும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அது ஓசையின்றி, ஒன்றிரண்டு நிமிடத்தில், எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் இடத்திலேயே நடந்து முடிகிறது. காற்றடைத்த கைவளையமும் ரப்பர் டயரும் விளையாட்டுப் பொருள்களே தவிர உயிர்காப்புச் சாதனங்கள் அல்ல. நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான்: பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், முறை வந்தவர் கைபேசியைக் கையில் எடுக்கக்கூடாது, நீச்சல் தெரியாத குழந்தை அவருக்குக் கை நீட்டினால் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும், அடுத்தவர் பெயரைச் சொல்லிப் பொறுப்பை ஒப்படைத்த பிறகே எழுந்து போக வேண்டும். ஒரு குடும்பம் இதற்காக ஒரு சிவப்புத் தொப்பியை வைத்துக்கொண்டதாகவும், தொப்பி யார் தலையில் இருக்கிறதோ அவருக்குத் தேநீர்கூடக் கிடையாது என்று பிள்ளைகளே காவல் காத்ததாகவும் சொன்னார்கள். மூச்சு நின்ற குழந்தையை நீரிலிருந்து எடுத்தால், தலைகீழாகப் பிடித்து நீரை வெளியேற்ற முயன்று நேரத்தை வீணாக்காமல், உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதவும், பிறகு மார்பை அழுத்தவும் வேண்டும். இந்த முதலுதவியைப் பயணத்துக்கு முன் ஒருவராவது கற்றுக்கொள்வது, நான் எழுதித் தரும் எந்த மருந்தையும்விட மதிப்புள்ளது.

நாயோ குரங்கோ பூனையோ கடித்தாலும் பிறாண்டினாலும், திட்டுவார்கள் என்ற பயத்தில் பிள்ளைகள் மறைத்துவிடுவது உண்டு. மறைக்கக்கூடாது என்று கிளம்பும் முன்பே, திட்ட மாட்டோம் என்ற உறுதியோடு சொல்லி வையுங்கள். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு முழுதாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. ரேபிஸின் அறிகுறிகள் தொடங்கிவிட்டால் ஏறத்தாழ யாரும் பிழைப்பதில்லை.

மலையூர்களில் 2,500 மீட்டருக்கு மேலே தங்குவதாக இருந்தால் ஒரே நாளில் ஏறிவிடாமல் வழியில் ஓர் இரவு தங்குங்கள். உயரமான இடத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய், பேசத் தெரியாத குழந்தைக்குத் தலைவலியாகத் தெரியாது. காரணமில்லாத அழுகை, பால் குடிக்க மறுப்பு, வாந்தி என்றுதான் தெரியும். அப்போது செய்ய வேண்டியது கீழே இறங்குவது. ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலரும், அதோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயும், வலிப்பு மாத்திரையும், இன்சுலினும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். டிக்கியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ இன்சுலினை விட்டால் வீரியம் போய்விடும். வலிப்பு நோயுள்ள பிள்ளைக்குத் தூக்கம் கெடுவதே வலிப்பைத் தூண்டும் என்பதால், இரவுப் பயணத்தைத் தவிர்க்கச் சொல்கிறேன். கொசு விரட்டிகளில் டீட் என்ற வேதிப்பொருள் கலந்ததை 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பூசக்கூடாது, வலை போதும்.

தடுப்பூசிக்கு மட்டும் முந்தைய வாரம் வந்து பயனில்லை. பல ஊசிகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு வாரம் ஆகும். விடுபட்ட தவணைகள் இருந்தால் இன்னும் கூடுதல் காலம் வேண்டும். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்னரே அட்டையோடு வந்தால்தான் திட்டமிட முடியும்.

திரும்பி வந்த பிறகும் ஒன்று இருக்கிறது. சென்ற கோடையில் ஒரு சிறுமியை ஐந்து நாள் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். தொண்டை, காது, நுரையீரல் எல்லாம் சரியாக இருந்தன. எங்காவது போயிருந்தீர்களா என்று இரண்டாவது முறை கேட்டபோதுதான் காட்டை ஒட்டிய ஒரு விடுதியில் நான்கு நாள் தங்கியது தெரிந்தது; அதுதான் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று தந்தை சொல்லாமல் விட்டிருந்தார். இரத்தப் பரிசோதனையில் மலேரியா தெரிந்தது. கடித்த கொசுவிலிருந்து காய்ச்சல் வரை ஒரு வாரமும் ஆகலாம், பல மாதமும் ஆகலாம். பயணத்துக்குப் பின் வரும் எந்தக் காய்ச்சலுக்கும், மருத்துவர் கேட்காவிட்டாலும், போன ஊரையும் தேதியையும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.