தனுஷ்கோடிய வெச்சு கதை எழுதப்போறீங்களா?

பத்து வருஷமா புனைவு எடிட்டரா இருக்கேன், பேய்க்கதை, டைம் டிராவல், எதிர்காலக் கதைன்னு என் கைக்கு வர்ற மேனுஸ்க்ரிப்ட்ல திரும்பத் திரும்ப வர்ற ஊரு தனுஷ்கோடி. எல்லாத்துலயும் அதே இடிஞ்ச சர்ச், அதே ஊளையிடற காத்து, ஆளே இல்லாத கடற்கரை. ஆனா அங்க ஆளுங்க இருக்காங்க. 1964 புயலுக்கப்புறம் குடியிருக்க லாயக்கில்லாத ஊருன்னு அரசாங்கம் அறிவிச்சது உண்மைதான், இருந்தும் மீனவக் குடும்பங்க அந்த மணல்லயே குடிசை போட்டு தொழில் பாத்துட்டிருக்காங்க. அவங்க ஊர யாருமத்த ஊருன்னு படிக்கறப்ப எனக்கு நெஜமாவே வலிக்குது.

போன வருஷம் ஒரு நாவல் வந்துச்சு. ஹீரோ காலத்துல பின்னாடி போயி, புயலடிச்ச டிசம்பர் 22 ராத்திரி, அலை அடிச்சுட்டுப் போன அந்த பாசஞ்சர் வண்டில ஏறுறான், கடைசி நிமிஷத்துல ராமேஸ்வரத்துல குதிச்சுத் தப்பிக்கிறான். நடக்கவே நடக்காது. அப்ப லைன் பாம்பன்லயே ரெண்டா பிரியும், ஒண்ணு ராமேஸ்வரத்துக்கு, இன்னொண்ணு தனுஷ்கோடிக்கு. அந்த 653-ம் நம்பர் வண்டி பாம்பன்லேர்ந்து நேரா தனுஷ்கோடிக்குப் போனது, ராமேஸ்வரம் அந்த வழியிலயே இல்ல. இத சொன்னதும் நாவல எழுதுனவரு க்ளைமாக்ஸயே பாம்பன் பிளாட்பாரத்துக்கு மாத்துனாரு, ரெண்டு லைன்ல எந்த வண்டின்னு முடிவு பண்ணணும், அப்பதான் எனக்கு படிக்கும்போது கை நடுங்குச்சு.

கடலும் அப்படித்தான். வடக்குப் பக்கம் பெண்கடல், அமைதியானது, தெற்குப் பக்கம் ஆண்கடல்னு அங்க சொல்லுவாங்க. அதக் கேட்டுட்டு வந்து மார்கழி ராத்திரில பெண்கடல் தூங்குதுன்னு எழுதிடாதீங்க, வாடைக்காத்து காலத்துல கொந்தளிக்கறது அந்தப் பக்கம்தான்.

இதெல்லாம் மேப்பும் பழைய டைம்டேபிளும் இருந்தா வீட்லயே பாதி பாத்துக்கலாம். தண்ணி விஷயத்துக்கு நேர்லதான் போகணும், 2017-லேர்ந்து நிலம் முடியற அரிச்சல்முனை வரைக்கும் ரோடு இருக்கு. நான் போனப்ப ஒரு அக்கா மணல்ல கையால குழி தோண்டி, ஊறி வர்ற தண்ணிய சிரட்டையால மோந்து மோந்து குடத்துல ஊத்திட்டிருந்தாங்க. நானும் மோந்து தரேன்னு உக்காந்தேன். "பொறு தம்பி, ஊறட்டும், அவசரப்பட்டு அள்ளுனா கரிச்சுப்போகும்"னாங்க. மழைத்தண்ணி மணலுக்குள்ள இறங்கி உப்புத்தண்ணிக்கு மேல மெலிசா மிதக்குது, வேகமா எடுத்தா கீழ இருக்கற உப்பு மேல ஏறிடும், அவ்ளோதான் விஷயம். கடல்மட்டம் ஏறுன 2100-ம் வருஷம்னு கதை எழுதறவங்க எல்லாரும் வீடு முழுகறதுலதான் ஆரம்பிக்கிறாங்க, அதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த ஊத்து கரிச்சிடும், குடம் சும்மா கெடக்கும், சனம் அன்னிக்கே கிளம்பணும். உங்க கதையோட முதல் சீன் அதுதான்.

தயவுசெஞ்சு ஒண்ணு, போனதும் பேய் பாத்தீங்களான்னு கேக்காதீங்க, செத்தது அவங்க தாத்தா பாட்டி. இந்த மாசம் எந்தக் கடல்ல வலை விடுவீங்கன்னு கேளுங்க, சாயங்காலம் வரைக்கும் பேசுவாங்க.