கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?

ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்குப் பக்கவாதப் பயிற்சி நடத்தும்போது நாங்கள் பொம்மையை வைத்துக்கொள்வதில்லை. நெஞ்சை அழுத்திப் பழகப் பொம்மை போதும். வாய் ஒரு பக்கம் கோணுவதையும், பேச்சு வராமல் தவிப்பதையும் அதனால் காட்ட முடியாது. அதனால் நடிக்கத் தெரிந்த ஒருவர் நோயாளியாகப் படுத்துக்கொள்வார், இன்னொருவர் பதறும் உறவினர்.

சிரிக்கச் சொல்வது, கண்ணை மூடி இரு கைகளையும் 10 விநாடி நீட்டிப் பிடிக்கச் சொல்வது, ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வைப்பது. இந்த மூன்றையும் எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். ஒன்றில் புதிதாகக் கோளாறு தெரிந்தாலும் பக்கவாதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தடுமாற்றம் நேரத்தைக் கேட்கும்போதுதான் வருகிறது. "எப்போது ஆரம்பித்தது?" என்றால் உறவினராக நடிப்பவர், "காலையில் 6 மணிக்கு எழுப்பினேன், கை வரவில்லை" என்பார். பலரும் 6 மணி என்று எழுதிவிடுவார்கள். "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று கேட்டால்தான் "ராத்திரி 10 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார்" என்ற பதில் வரும். கேட்காதவரை அதைச் சொல்லக் கூடாது என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்போம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைப்பாக இருந்தால், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை கட்டியைக் குழாய் வழியாக எடுக்க முடியும். கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பதை அந்த ஒரு பதில்தான் தீர்மானிக்கிறது. அந்த உறவினரையோ அவருடைய போன் நம்பரையோ கையோடு கொண்டுவந்துவிட வேண்டும்.

அப்புறம், ஏமாற்றும் நோயாளிகள். ஒருவருக்குத் தலைசுற்றல், வாந்தி. முகம், கை, பேச்சு மூன்றும் சரி. ஆனால் உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறார். இது மூளையின் பின்பகுதியில் வரும் பக்கவாதமாக இருக்கலாம். வயிற்றுக் கோளாறு என்று விட்டுவிடுவது எளிது. இன்னொருவர் "எனக்கு ஒன்றுமில்லை, போங்கள்" என்று அடம்பிடிப்பார். வலது மூளை பாதித்தால் இடது கை அசையவில்லை என்பதே சிலருக்குத் தெரியாது. மூன்றாமவருக்கு ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கியிருக்கும். அதுவும் அச்சு அசலாகப் பக்கவாதம் போலவே தெரியும், அதனால் விரலில் குத்திப் பார்க்காமல் விடவே கூடாது.

வாயில் தண்ணீர்கூட வேண்டாம். விழுங்க முடியாமல் புரையேறலாம். ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறதே என்று வழியில் குறைக்கப் பார்ப்பதும் வேண்டாம்.

மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொல்லும் போன் பேச்சையும் உண்மையாகவே பேச வைக்கிறேன். நேரம், எந்தப் பக்கம், சர்க்கரை அளவு, ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பவை அதில் வந்தால் சி.டி. ஸ்கேன் அறை தயாராக இருக்கும். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன.

அவசர அழைப்பை எடுப்பவர்களும் இந்தப் பயிற்சியில் உட்கார வேண்டும் என்று தொடர்ந்து கேட்டுவருகிறேன். அழைப்பவர்கள் பெரும்பாலும் "பக்கவாதம்" என்று சொல்வதில்லை, "கீழே விழுந்துவிட்டார்" என்றுதான் சொல்கிறார்கள்.