குறட்டை விடுகிறார், தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள்

கொள்முதல் நிலையத்தில் நாளெல்லாம் 40 கிலோ மூட்டை தூக்கியவருக்குச் சாயங்காலம் முதுகு கழன்றுபோகிறது. கூட வேலை பார்ப்பவர் கொடுத்த வலி மாத்திரை இரண்டு. அப்புறம் ஒரு குவார்ட்டர். அப்படியும் தூக்கம் வராவிட்டால் வீட்டில் வேறு யாருக்கோ எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் ஒன்று. மூன்றும் தனித்தனியாகப் பழகியவை என்பதால் பயம் வருவதில்லை.

ஆனால் மது, தூக்க மாத்திரை, டேபென்டடால் ட்ரமடால் வகை வலி மாத்திரை, மூன்றுமே மூளையில் மூச்சை ஓட்டுகிற இடத்தை மந்தமாக்குபவை. ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் எடுத்தேன் என்ற கணக்கு இங்கே செல்லாது.

கலந்து எடுப்பவர்கள் உயிரை வெறுத்தவர்கள் அல்ல. தங்களுக்குத் தெரிந்த காப்பு எதையாவது செய்துகொள்கிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் மது மெதுவாக ஏறும், ஏறாமல் போகாது. மோரும் எலுமிச்சையும் மூச்சுக்கு எதுவும் செய்வதில்லை. பாதி மாத்திரை போட்டுப் பார்ப்பது நல்ல யோசனைதான், ஆனால் காத்திருப்பதில்லை. விழுங்கிய மாத்திரை முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அரை மணியில் "ஒண்ணும் ஏறலையே" என்று இன்னொன்றைப் போட்டால் இரண்டும் சேர்ந்து அமுக்கும். மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது இன்னும் மோசம். அதிலுள்ள கரையாத மாவு ரத்தக்குழாயை அடைத்து விரலே அழுகிப்போகலாம். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி.

உண்மையில் உதவுவது, தனியாக எடுக்காமல் இருப்பது. பக்கத்தில் இருப்பவர் எதுவும் எடுக்காமல் விழித்திருந்தால் மட்டுமே அதற்குப் பலன். வாய்க்கால் கரை, படித்துறை பக்கம் போகவே கூடாது. மூழ்கிப்போக முழங்கால் தண்ணீரே போதும்.

மாலை போட்டு ஒரு மண்டலம் விலகியிருந்தவர்கள், சிகிச்சை மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ திரும்பியவர்கள் கவனிக்க வேண்டும். உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும், பழைய அளவே உயிரை எடுக்கும். அதேபோல், தினமும் நிறையக் குடிப்பவர் மாலை போடும் அன்று சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

பலர் கவனிக்காதது பாராசிட்டமால். ட்ரமடால் கூட்டு மாத்திரை ஒன்றில் 325 மில்லிகிராம் இருக்கிறது. அதில் ஆறும், காய்ச்சலுக்கு 650 மூன்றும் போட்டால் 3,900. நல்ல கல்லீரலுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4,000.

வீட்டுப் பெண்களுக்கு ஒன்று. குடியை நிறுத்த டைசல்பிராமைத் தெரியாமல் குழம்பில் கலக்காதீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் அவர் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, ரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சுவலி வரலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அந்த ஆபத்து உண்டு.

திண்ணையில் கிடப்பவரிடமிருந்து கரகரவென்று, தொண்டையில் தண்ணீர் தேங்கியது போன்ற குறட்டை வந்தால் அது தூக்கமில்லை. பெயர் சொல்லிக் கத்துங்கள். கைமுட்டியால் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்தித் தேயுங்கள். எழவில்லையா, உடனே 108. உதட்டின் உள்பக்கமும் நகமும் நீலம் பாய்ந்திருந்தாலும், அரை நிமிடத்தில் ஐந்து மூச்சுகூட இல்லாவிட்டாலும் அப்படியே. மூச்சிருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்து, மேல்காலை முட்டியில் மடக்கி முன்னால் வைத்து, மேல்கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, தாடையைச் சற்றே தூக்கிவிடுங்கள். வாந்தி வெளியே வழிந்துவிடும். மூச்சு நின்றிருந்தால், 108-இல் பேசுபவர் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள். உப்புத்தண்ணீர், சோப்புத்தண்ணீர் ஊற்றவே கூடாது, அது நுரையீரலுக்குள் போகும்.

மருத்துவமனையில் நலாக்சோன் போட்டதும் எழுந்து உட்காரலாம். அது வலி மாத்திரையின் வேகத்தை மட்டும் முறிக்கும். மதுவையும் தூக்க மாத்திரையையும் தொடாது. ஒரு மணி நேரம் போல ஆனதும் அதன் பலமும் இறங்கும், மூச்சு மறுபடி அமுங்கலாம். "தெளிஞ்சிட்டாரு" என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிவராதீர்கள்.

நிறுத்த நினைப்பவர்கள் 14446-க்குக் கட்டணமில்லாமல் பேசலாம். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். போகும்போது வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை, காலியானவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். எதை முதலில் குறைப்பது, எதை மெதுவாகக் குறைப்பது என்று டாக்டர் முடிவெடுக்க அதுதான் வேண்டும்.