துப்பறிவாளர்: சொல்லும் அதன் சுற்றமும்

'டிடெக்டிவ்' என்பதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் 'துப்பறிவாளர்' என்பார்கள். கொஞ்சம் பழைய வாசகராக இருந்தால் 'துப்பறியும் நிபுணர்' என்று வரும். செய்தித்தாள் மொழியில் ஊறியவர் 'புலனாய்வாளர்' என்பார். தனித்தமிழில் பற்றுள்ளவர் 'ஒற்றர்' இருக்கிறதே, அது போதாதா என்பார். நான்கும் ஒரே பொருள் தருவன அல்ல. கொலையும் பேய்ப் பயமும் சேர்ந்த நாவல் ஒன்றில், கட்டணம் வாங்கிக்கொண்டு உண்மையைத் தேடிப் போகிறாரே ஒருவர், அவருக்கு இவற்றில் ஒன்றுதான் பொருந்தும் என்பது என் கட்சி.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். இலத்தீனில் 'டெகெரே' என்றால் மூடுதல். அதிலிருந்து வந்த 'டெக்டும்' கூரையைக் குறிக்கும். முன்னால் 'டே' சேர்ந்தால் மூடியதைத் திறப்பது, கூரையைப் பிரிப்பது என்று பொருள் தலைகீழாகும். டிடெக்டிவின் வேர் அதுதான். 1707இல் பிரெஞ்சு எழுத்தாளர் லெசாஜ் வெளியிட்ட நாவலில் அஸ்மோதே என்றொரு பிசாசு வருகிறது. அது மாத்ரித் நகரத்து வீடுகளின் கூரைகளைத் தூக்கி, உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு மாணவனுக்குக் காட்டும். பின்னாளில் டிடெக்டிவுக்கு வந்து சேர்ந்த வேலையை அதற்கு முன்பே ஒரு பிசாசு செய்துவிட்டது. குற்றக் கதையும் பேய்க் கதையும் ஒன்றையொன்று விடாமல் உரசிக்கொண்டே வருவதற்கு இது நல்ல உதாரணம்.

ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் ஆளைக் குறிக்கவில்லை, போலீஸுக்கு அடைமொழியாக ஒட்டிக்கொண்டுதான் வந்தது. 1829இல் உருவான லண்டன் மாநகரப் போலீஸ் சீருடையில் ரோந்து போய்க் குற்றம் நடக்காமல் தடுப்பதற்கானது. நடந்து முடிந்த குற்றத்தை யார் செய்தது என்று தேடத் தனி ஆட்கள் இல்லை. 1842இல் இரண்டு இன்ஸ்பெக்டர்களும் ஆறு சார்ஜெண்டுகளும் கொண்ட சிறு பிரிவு ஒன்றை அதற்கென்று தொடங்கினார்கள். சீருடை கிடையாது, நம் ஊர் வழக்கில் சொன்னால் மஃப்டி. நாவலாசிரியர் டிக்கன்ஸுக்கு இவர்கள்மேல் பெரிய ஆர்வம். 1850இல் தன் வார இதழில் இவர்களைப் பற்றி எழுதி, சாதாரண வாசகர்களுக்கும் அறிமுகப்படுத்தினார். 1878இல் இந்தப் பிரிவைத் திருத்தி அமைத்தபோது வைத்த பெயரின் சுருக்கம்தான் 'சி.ஐ.டி.'. அது கடல் தாண்டி நம் சினிமா வசனம்வரை வந்து சேர்ந்துவிட்டது.

'பிரைவேட்' என்ற அடைமொழி இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. பாரிஸில் ஒரு காலத்தில் கைதியாக இருந்து பிறகு போலீஸுக்கே உதவியாளராகிய விதோக், 1833இல் சொந்தமாக ஒரு தகவல் விசாரணை அலுவலகம் திறந்தார். அமெரிக்காவில் ஸ்காட்லாந்துக்காரரான ஆலன் பிங்கர்டன் சிகாகோவில் தொடங்கிய நிறுவனத்தின் சின்னம், இமைக்காமல் திறந்திருக்கும் ஒற்றைக் கண். 'நாங்கள் உறங்குவதில்லை' என்பது அதன் கீழ் எழுதியிருந்த வாசகம். தனியார் துப்பறிவாளரை அமெரிக்கர்கள் 'பிரைவேட் ஐ' என்று அழைக்கிற வழக்கத்தை இந்தக் கண்ணோடு சேர்த்துப் பேசுவார்கள்.

கண் என்றதும் நமக்குக் குறள் நினைவுக்கு வராமல் போகாது. 'ஒற்றும் உரைசான்ற நூலும் இவையிரண்டும் தெற்றென்க மன்னவன் கண்' என்றுதான் ஒற்றாடல் அதிகாரம் தொடங்குகிறது. அதில் சொல்லப்படும் தொழில்நுட்பம் எந்தத் துப்பறியும் கதைக்கும் அப்படியே பொருந்தும். துறவி வேடம் போட்டுப் போ, என்ன செய்தாலும் வாய் திறக்காதே, ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார், மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு. இன்றைய இன்ஸ்பெக்டர் ஒருவர் சாட்சிகளை இப்படிச் சரிபார்த்தாலே பாதி வழக்குகள் நிற்கும்.

அப்படியென்றால் 'ஒற்றர்' போதாதா? போதாது. குறள் சொல்வது மன்னவன் கண். ஒற்றரை அனுப்புவது அரசு, அவர் போவது பகைநாட்டுக்கு அல்லது சந்தேகப்படுகிற குடிகளிடத்துக்கு. தொல்காப்பியத்தில் வெட்சித் திணையின் துறைகளில் 'புடைகெட ஒற்றின் ஆகிய வேயே' என்று வரும் வேய், ஆநிரை கவரப் போகும் முன் அங்கே நிலவரம் என்ன என்று பார்த்துவருவது. ஒற்றர் பார்ப்பது இனி நடக்கப்போவதை. துப்பறிவாளருக்கு வேலை தொடங்குவதே எல்லாம் நடந்து, பிணம் விழுந்த பிறகுதான். 'உளவாளி' இன்னும் தள்ளி நிற்கிறது. கூட இருந்தே காட்டிக்கொடுப்பவன் என்ற வாடை அதில் அடிக்கிறது. கதாநாயகருக்கு வைக்கிற பெயர் இல்லை.

'புலனாய்வு' நல்ல ஆக்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது அதிகாரத்தின் சொல். நம் சட்டத் தமிழில் போலீஸ் செய்வது புலனாய்வு, நீதிமன்றம் நடத்துவது விசாரணை. கைது செய்வது, வீட்டைச் சோதனை போடுவது, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது எல்லாம் புலனாய்வு அதிகாரியின் கையில். தனியார் டிடெக்டிவ் ஏஜென்சிக்கு இதில் எதுவும் கிடையாது. வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை சொன்ன சம்பளம் உண்மையா என்று விசாரிப்பது போன்றவைதான் அங்கே வாடிக்கை. அவர்களை ஒழுங்குபடுத்த 2007இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதாகூடச் சட்டமாகவில்லை. அந்த அதிகாரம் இல்லாததுதான் நாவலாசிரியருக்கு வசதி. போலீஸ் ஜீப்பும் வாரண்டும் இல்லாமல் ஓர் ஆள் இருட்டு பங்களாவுக்குள் தனியாகக் கால் வைத்தால்தானே நமக்குத் திக்கென்று இருக்கும்.

சரி, 'துப்பு'க்கு வருவோம். தமிழில் இவ்வளவு பொருள் சுமக்கும் சின்னச் சொற்கள் குறைவு. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்ற மழைக் குறளில் துப்பு உணவு, துப்பார் உண்பவர். துய்த்தலோடு சொந்தம் கொண்டாடும் சொல். 'துன்பத்துள் துப்பாயார் நட்பு' என்னும்போது ஊன்றுகோல் போன்ற துணை. 'என்பரியும் ஏதிலான் துப்பு' என்று பகைமாட்சி அதிகாரத்தில் வரும்போது வலிமை. காமத்துப்பாலில் 'துப்பின் எவனாவர்' என்ற இடத்தில் பரிமேலழகர் பகைமை என்று பொருள் கொள்கிறார். போதாக்குறைக்குப் பவளத்துக்கும் துப்பு என்று பெயர். எச்சில் துப்புவது வேறு கணக்கு. குறளில் எழுத்து ஒன்றாக இருந்தாலும் கையில் பிடிக்கும் துப்பாக்கிக்கும் இதற்கும் உறவில்லை. அது துருக்கிய மொழியிலிருந்து வந்து இங்கே குடியேறியது.

வலிமை என்ற பொருள் இன்றும் சாகவில்லை. 'இதைச் செய்யக்கூட உனக்குத் துப்பில்லையா?' என்று வீட்டில் திட்டு வாங்காதவர் யார்? அந்தத் துப்பு திராணி. அதே வாய்தான் 'துப்புக் கொடுத்தால் சன்மானம்' என்ற போலீஸ் அறிவிப்பைப் படிக்கும்போது தடயம், தகவல் என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் எங்கே? எனக்குப் படுவது இது. பகைவனின் துப்பு, அதாவது அவனுடைய பலம் எவ்வளவு என்று அறிந்துவருவதுதான் துப்பு அறிதல். யானை எத்தனை, கோட்டையில் தானியம் எவ்வளவு, எந்தப் பக்கம் காவல் தளர்ச்சி என்று பார்த்துவருகிறவனின் வேலைக்குப் பெயராகி, அப்புறம் அவன் கொண்டுவரும் செய்திக்கே துப்பு என்று பெயர் ஒட்டியிருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் மேலே சொன்ன 'ஏதிலான் துப்பு' அதற்கு நல்ல துணை.

'துப்புத் துலங்கியது' என்று பத்திரிகைகள் எழுதுவதையும் கவனிக்கலாம். பாத்திரம் துலக்குகிறோம், பல் துலக்குகிறோம். மேலே படிந்த அழுக்கு போனால் உள்ளே இருப்பது பளிச்சென்று தெரியும். இலத்தீன்காரர் கூரையைப் பிரித்தார், நாம் கரியைத் தேய்த்தோம். ஆங்கிலத்தின் 'குளூ'வோ நூற்கண்டிலிருந்து வந்தது. கிரேக்கக் கதையில் தீசியஸ் சுழல்வழி மாளிகைக்குள் போய், காளைத்தலை அரக்கனைக் கொன்றுவிட்டு, கையில் பிடித்த நூலைத் தொடர்ந்தே வெளியே வருவான். அங்கேயும் ஓர் அரக்கன்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர்.ரங்கராஜு போன்றவர்கள் மர்ம நாவல்களை எழுதிக் குவித்தபோது இந்தச் சொல் வாசகர் நாக்கில் நிலைத்தது. ரங்கராஜுவின் பாத்திரத்துக்கு 'துப்பறியும் கோவிந்தன்' என்றே பெயர். ஆங்கிலம் கலக்காமல் எழுதுவதில் பிடிவாதமாக இருந்த தமிழ்வாணனும் தன் சங்கர்லாலைத் துப்பறிய வைத்தாரே தவிர ஒற்றாட வைக்கவில்லை. சங்கர்லால் தேநீர் குடித்தபடி யோசிக்கும் காட்சி பலருக்கு இன்றும் மறக்காது. முன்பு பெயரெச்சமாக, பெயருக்கு முன்னால் நின்ற 'துப்பறியும்', பிறகு 'துப்பறிவாளர்' என்று தனிப்பெயராக முதிர்ந்தது. அறிவாளர் என்ற சொல் உள்ளேயே உட்கார்ந்திருப்பது கூடுதல் லாபம்.

அடுத்தது திகில். 'ஹாரர்' என்பதன் இலத்தீன் வேருக்கு மயிர் சிலிர்த்து நிற்பது என்று பொருள்; நம் மயிர்க்கூச்செறிதலும் அதேதான். 'திகில்' கன்னடத்தில் திகிலு, அங்கேயும் பயம். தெலுங்கில் திகுலு என்றால் கவலை, ஏக்கம். பக்கத்து வீட்டுக்குப் போனதும் பயம் சோகமாகிவிட்டது. ஆனால் குற்றமும் திகிலும் கலந்த நாவலுக்கு இலக்கணம் தேடினால் எந்த அகராதியையும்விடத் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைச் சொல்லும் மெய்ப்பாட்டியல் உதவும். 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே' என்கிறது அது. தெய்வமோ பேயோ, கொடிய விலங்கு, கள்வர், தனக்கு மேலே அதிகாரத்தில் இருப்பவர் என்று அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு. அணங்கும் கள்வரும் ஒரே வரியில்!

இந்த நான்கையும் வைத்துக் கானன் டாயிலின் பாஸ்கர்வில் வேட்டைநாய் கதையைப் பாருங்கள். 1901 ஆகஸ்டிலிருந்து லண்டன் இதழ் ஒன்றில் தொடராக வந்தது. இவ்வளவு பழைய கதையின் முடிவைச் சொன்னால் பாவமில்லை. டார்ட்மூர் பொட்டல்வெளியில் ஒரு பிரபு குடும்பம். முன்னோரான ஹ்யூகோ என்ற கொடூரமான ஜமீன்தார் அக்கம்பக்கத்து விவசாயி ஒருவரின் மகளைத் தூக்கிப்போய் அடைத்ததில் தொடங்குகிறது சாபம், அந்த ஜமீன்தார்தான் இறை. சாபமாக வந்த நரகத்து நாய், அணங்கு. இரவில் உண்மையிலேயே ஊளையிடுவது விலங்கு. நாயின் மேல் பாஸ்பரஸ் பூசி ஒளிர வைத்து, சொத்துக்காகக் கொலை செய்பவன் கள்வர் கணக்கில். நான்கும் ஆஜர்.

அதில் ஹோம்ஸ் எடுக்கும் நிலைப்பாடுதான் துப்பறிவாளர் என்ற சொல்லின் எல்லையைக் காட்டுகிறது. இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்தியாக இருந்தால் தன் விசாரணைக்கு அங்கே இடமில்லை, ஆனால் மற்ற விளக்கங்கள் எல்லாம் தீர்ந்த பிறகே அந்த முடிவுக்கு வரலாம் என்கிறார். பேய் உண்மையிலேயே பேயாக இருந்துவிடுகிற நாவல்களும் உண்டு. அங்கே வீட்டைச் சுற்றி வந்து மந்திரம் போட்டு ஓட்டுபவருக்குத் துப்பறிவாளர் என்ற பெயர் ஒட்டாது, மந்திரவாதி என்றே சொல்லிவிடலாம். எது என்று கடைசிப் பக்கம்வரை தெரியாமல் இழுத்தடிப்பவைதான் எனக்குப் பிடித்தவை.

எழுதும்போது சில விஷயங்கள். 'தனியார் துப்பறிவாளர்' சரி. 'தனித் துப்பறிவாளர்' என்றால் கூட்டாளி இல்லாதவர் என்றாகிவிடும். அரசு ஆளாக இருந்தால் புலனாய்வு அதிகாரி என்றே எழுதலாம். 'துப்பறிவாளர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, 'துப்பறிவாளினி' என்றெல்லாம் வேண்டாம். 'துப்பு துலக்கு' என்று எழுதுபவர்கள், நடுவே ஒற்று மிகுத்துத் 'துப்புத் துலக்கு' என்றே எழுதலாம். நாவல் வகைக்குக் 'குற்றத் திகில் நாவல்' போதும், 'க்ரைம் ஹாரர்' என்று அட்டையில் போட்டுத்தான் விற்க வேண்டும் என்பதில்லை. பாத்திரங்கள் பேசும்போது மட்டும் 'டிடெக்டிவ்' என்றே விட்டுவிடுங்கள். கதவைத் திறக்கும் வேலைக்காரம்மா, 'ஐயா, யாரோ துப்பறிவாளர் வந்திருக்கார்' என்று சொன்னால் நாவலில் அதுவரை இருந்த திகில் அங்கேயே போய்விடும்.