மாறி, கட்டுப்பாடு: உளவியல் சோதனையில் இவற்றுக்கு என்ன பொருள்?

'வேரியபிள்' என்பதற்குத் தமிழில் மாறி. மாறு என்ற வினையோடு இகர விகுதி சேர்ந்து வந்த சொல். மாறக்கூடியது என்று பொருள். மாறாதது மாறிலி. கணக்குப் பாடத்திலேயே பார்த்த சொற்கள்தான். உளவியலில் தூக்கம், வயது, கோபம், அறை வெளிச்சம் என்று ஆளுக்கு ஆளோ நேரத்துக்கு நேரமோ வேறுபடுகிற எதுவும் மாறிதான்.

ஆய்வாளர் வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பது சாரா மாறி. அதனால் என்ன ஆனது என்று அளப்பது சார்ந்த மாறி. தூக்கம் குறைந்தால் ஞாபகம் குறையுமா என்று சோதித்தால், தூங்கவிட்ட நேரம் சாரா மாறி. நினைவில் நின்ற சொற்களின் எண்ணிக்கை சார்ந்த மாறி.

சரி, கட்டுப்பாடு, அதாவது 'கன்ட்ரோல்'? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். லத்தீனில் 'கான்ட்ரா' என்றால் எதிர், 'ரோட்டுலஸ்' என்றால் சுருள். கணக்கெழுதிய சுருளைச் சரிபார்க்க வைத்திருந்த இன்னொரு நகல்தான் ஆதிப்பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அடக்கி ஆளுதல் என்ற பொருள் பின்னால் வளர்ந்தது.

சோதனையில் இரண்டு பொருளுமே புழங்குகின்றன. 1961-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவும் உடன் ஆய்வாளர்களும் 72 குழந்தைகளை வைத்துச் செய்த பொம்மைச் சோதனையைப் பாருங்கள். 24 பேர், பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்தார்கள். 24 பேர், பெரியவர் அமைதியாக விளையாடுவதைப் பார்த்தார்கள். மிச்ச 24 பேருக்கு யாரையும் காட்டவில்லை. அப்புறம் எல்லாரையும் பொம்மை இருந்த அறையில் விட்டுக் கவனித்தார்கள். யாரையும் பார்க்காதவர்கள்தான் இங்கே அந்தச் சரிபார்க்கும் நகல் மாதிரி. அவர்கள் இல்லாவிட்டால், குழந்தைகள் தாமாகவே எவ்வளவு அடிப்பார்கள் என்பது தெரியாது. இந்தக் குழுவைக் 'கட்டுப்பாட்டுக் குழு' என்கிறோம். யாரையோ கட்டி வைத்த மாதிரி ஒலிக்கிறது; என்னைக் கேட்டால் 'ஒப்பீட்டுக் குழு' என்பதே பொருந்தும். ஆனால் தேர்வில் பாடநூலில் உள்ளதையே எழுதுங்கள்.

அதே ஆய்வில், இயல்பிலேயே முரட்டுத்தனமான பிள்ளைகள் ஒரே குழுவில் குவிந்துவிடக் கூடாதே என்று, அவர்கள் சுபாவத்தை முன்பே மதிப்பிட்டுக் குழுக்களைச் சமப்படுத்தினார்கள். இதற்குக் கட்டுப்பாடு என்ற சொல் கச்சிதம். குறுக்கே வந்து முடிவைக் கெடுக்கக்கூடிய இப்படிப்பட்டவற்றுக்குப் புற மாறிகள் என்று பெயர். தூக்கச் சோதனையில் ஒரு குழுவுக்குக் காலையிலும் மற்றதற்கு இரவிலும் தேர்வு வைத்தால், மதிப்பெண் குறைந்தது தூக்கத்தாலா நேரத்தாலா என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.