பழையதும் புதியதும் சேர்ந்து ஓடும் நேரம்

"பராமரிப்புப் பணி காரணமாக இரவு 12 முதல் 4 மணி வரை சேவை இயங்காது" என்ற அறிவிப்பு இப்போது குறைந்துவிட்டது. தினமும் நாம் திறக்கும் பெரிய செயலிகள் பல, ஒரே நாளில் பல முறை மாறுகின்றன. அமேசானில் 2011-லேயே வேலை நாட்களில் சராசரியாக 11.6 விநாடிக்கு ஒரு முறை ஏதோ ஒரு மாற்றம், பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் அமைப்பான ப்ரொடக்‌ஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இந்த வேகத்தில் நிறுத்தி மாற்றுவதற்கு வழியே இல்லை. 99.99 சதவீத நேரம் இயங்குவோம் என்று வாக்குக் கொடுத்த சேவை, ஓர் ஆண்டில் சுமார் 52 நிமிடம்தான் படுத்துக்கிடக்கலாம். வாரம் ஒருமுறை 10 நிமிடம் நிறுத்தினாலே 520 நிமிடம் ஆகிவிடும்.

அடிப்படை உத்தி எளிதுதான். ஒரே மென்பொருள் பத்து சர்வர்களில் ஓடுகிறது, முன்னால் ஒரு லோட் பேலன்சர் நின்று கோரிக்கைகளைப் பங்கிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் சர்வருக்குப் புதிய கோரிக்கை போகாமல் தடுத்து, கையில் இருக்கும் வேலையை முடிக்க விட்டு, புதிய வெர்ஷனை ஏற்றி, அது தயார் என்று சொன்ன பிறகு மறுபடி வரிசையில் சேர்க்கிறோம். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. இதை ரோலிங் டிப்ளாய்மென்ட் என்பார்கள். பல சர்வர்களில் மென்பொருளை இயக்கி நிர்வகிக்கும் குபெர்நெட்டிஸ் என்ற கருவி இதைத் தானே பார்த்துக்கொள்ளும். கையிலுள்ள வேலையை முடிக்க, நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், 30 விநாடி அவகாசம் தரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'நிறுத்து' என்ற செய்தி சர்வருக்கு வந்த பிறகும், அது லோட் பேலன்சருக்குத் தெரியச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் வரும் கோரிக்கைகள் மூடிய கதவில் முட்டிக்கொள்ளும். பல இடங்களில் இதற்கு வைத்திருக்கும் தீர்வு, நிறுத்தும் முன் ஐந்து விநாடி சும்மா இரு என்கிற ஒற்றை வரி. அழகாக இல்லைதான், ஆனால் வேலை செய்கிறது.

கேனரி முறையும் இதே குடும்பம். நச்சுவாயுவைக் கண்டறியச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோனதிலிருந்து வந்த பெயர். நூறில் ஒரு பங்குப் பயனர்களுக்கு மட்டும் புதிய வெர்ஷனைக் காட்டி, பிழைகள் கூடுகின்றனவா என்று பார்த்தபின் மற்றவர்களுக்குத் திறப்பார்கள். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் ஒரு கோப்பை இப்படிப் படிப்படியாக அனுப்பாமல் ஒரேயடியாக அனுப்பியது. முடங்கியவை சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள்.

அடிக்கடி வெளியிடுவது ஆபத்தில்லையா என்று கேட்கலாம். மூன்று மாத வேலையை மொத்தமாக இறக்கினால், பிழை வரும்போது சந்தேகப்பட ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும். காலையில் மாற்றிய இருபது வரிகள் மட்டும் என்றால் எங்கே தேடுவது என்பது தெரியும்.

சரி, சிக்கல் எங்கே? ரோலிங்கோ கேனரியோ, எதுவானாலும் கொஞ்ச நேரம் பழைய வெர்ஷனும் புதிய வெர்ஷனும் ஒன்றாக ஓடும். ஒரே பயனரின் முதல் சொடுக்கு புதியதற்கும் அடுத்த சொடுக்கு பழையதற்கும் போகலாம். காலையில் திறந்த பிரவுசர் பக்கத்தை மாலை வரை மூடாதவர், பழைய பக்கத்திலிருந்து புதிய சர்வரோடு பேசிக்கொண்டிருப்பார். இந்த இரண்டும் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டும். நிறுத்தாமல் மாற்றுவதில் பாதி உழைப்பு இதற்கே போகிறது என்பேன்.

மிகவும் படுத்துவது டேட்டாபேஸ். சர்வர்கள் பத்து இருந்தாலும் அவற்றுக்குப் பின்னால் தரவு ஒன்றுதான். ஓர் அட்டவணையில் 'பெயர்' என்ற பத்தியை (நெடுவரிசையை) 'முதற்பெயர்', 'தந்தை பெயர்' என்று இரண்டாகப் பிரிக்க வேண்டுமாம். நேரடியாகப் பிரித்தால், 'பெயர்' எங்கே என்று பழைய வெர்ஷன் அந்த நொடியே கவிழ்ந்துவிடும். அதனால் முதலில் பழையதைத் தொடாமல் இரண்டு புதிய பத்திகளைச் சேர்க்கிறார்கள். அடுத்த வெளியீட்டில் நிரல் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் எழுதும், ஆனால் பழைய இடத்திலிருந்தே படிக்கும். இதற்கிடையில் ஏற்கெனவே இருக்கும் தரவைச் சிறு சிறு பகுதிகளாக நிரப்புவார்கள். ஒரேயடியாகச் செய்தால் அட்டவணை பூட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிறகு படிப்பதைப் புதிய இடத்துக்கு மாற்றுவார்கள். அதற்கும் பிறகு பழைய இடத்தில் எழுதுவதை நிறுத்துவார்கள். கடைசியாகத்தான் 'பெயர்' நீங்கும். ஒரு பத்தியைப் பிரிக்க நாலைந்து வெளியீடு! ஆனால் இந்தப் படிகளில் எதை எடுத்தாலும் அதற்கு முந்தைய வெர்ஷனும் பிழையில்லாமல் ஓடும். தவறு நடந்தால் ஒரு படி பின்வாங்க முடிவது இதனால்தான்.

அந்தக் கடைசிப் படியை மட்டும் யாரும் விரும்பிச் செய்வதில்லை. புதிய வசதி ஓடத் தொடங்கிவிட்டது, பழையது ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் அப்படி ஒரு பழைய வசதி கிடந்தது. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்தியிருந்தார்கள், அதன் நிரலை நீக்கவில்லை. 2012-ல் புதிய வசதி ஒன்றை எழுதியபோது, பழையதை இயக்கிய அதே கொடியை, அதாவது ஒரு வசதியை இயக்கும் சுவிட்ச் போன்ற குறியை, புதியதற்கு எடுத்துக்கொண்டார்கள். புதிய நிரலை ஏற்ற வேண்டிய சர்வர்கள் 8, ஏற்றியது 7-ல்தான். ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்தது, கொடி ஏறியது. ஏழு சர்வர்கள் அதைப் புதிய வசதி என்று புரிந்துகொண்டன. எட்டாவது, ஒன்பது ஆண்டு உறங்கிய பழைய நிரலை எழுப்பி, வாங்குவதும் விற்பதுமாகக் கட்டளைகளைக் கொட்டத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு.

நடுவில் பொறியாளர்கள் வழக்கமான வைத்தியத்தைத்தான் செய்தார்கள்: புதிய நிரல்தான் குற்றவாளி என்று நினைத்து அந்த ஏழிலிருந்தும் அதை நீக்கினார்கள். கொடி இறங்கவில்லை. அதுவரை ஒரு சர்வர் செய்துகொண்டிருந்ததை இப்போது எட்டும் செய்தன.